மூச்சுக்கு விட்ட இடம்

அடி அண்ணாமலை
5-6-2024

அன்புள்ள மச்சான் குமரேசனுக்கு,

மாமா கோதண்டராமன் எழுதுவது. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. கடிதத்தைக் கட் பண்ண முடியாதே, அதனால் இது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு என்னைக் கைவிட்டுவிட்டது. பிழை இருந்தால், உன் அக்கா உண்ணாமலை பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தாள் என்று வைத்துக்கொள்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்து மாடியில் வயலின் சொல்லிக்கொடுக்கிற அருணாதேவி டீச்சர் ஒரு குழு சேர்த்திருக்கிறார். டீச்சர் வயலின். அவர் மகள் கவிநிலா வயோலா. அது வயலினுக்கு அக்கா மாதிரி, தொண்டை கொஞ்சம் கட்டினது. பாங்க்கில் வேலை பார்க்கிற வளவன் செல்லோ, நிறுத்தி வைத்து வாசிக்கிற பெரிய வயலின். அதை அவர் மொபட்டில் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது போல இருக்கும்.

அதோடு இரண்டு கிளாரினெட். ஒன்று நான். இன்னொன்றுக்கு உன்னைத் தவிர யார்? செவ்வாய், வெள்ளி மூணு மணிக்கு ஒத்திகை. என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, நீ விட்டுப்போன பழைய கிளாரினெட்டை அதில் வைத்திருக்கிறேன்.

நாம் வாசிக்கப் போன கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்து, உன்னைப் போலவே ‘உஸ்’ என்று காற்று விட்டு வாசித்துக் காட்டியது தப்புதான். சபை சிரித்ததும் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அதற்காக ஓசூர் பேண்டு செட்டுக்கு ஓடிவிடுவதா? இருபத்தைந்து வருஷம் தோளோடு தோள் நின்று ஊதியிருக்கிறோம். வந்துவிடு.

உன் மாமா,
கோதண்டராமன்


ஓசூர்
10-6-2024

மாமாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என் பல் இடுக்கில் காற்றுப் போவது எனக்கே தெரியும். அன்று அந்தச் சபையில் என் மகள் ஆர்த்திக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். அது உங்களுக்கும் தெரியும்.

இங்கே என்னை யாரும் கிண்டல் செய்வதில்லை. நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குமரேசன்


அடி அண்ணாமலை
19-6-2024

அன்பு மச்சானுக்கு,

தந்தி கூட இதைவிட நீளமாக வரும். திட்டுவதற்காவது இன்னும் ரெண்டு பக்கம் எழுதியிருக்கலாம்.

சரி, சங்கதியைக் கேள். போன வெள்ளிக்கிழமை நாலு பேர் வாசித்தோம், ஐந்து பேர் வாசித்தது போலக் கேட்டது. நான் நிறுத்திய இடத்தில் இன்னொரு கிளாரினெட் எடுத்தது. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கிளாரினெட் என் மடியில் இருந்தது. பட்டப்பகல், கீழே ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்காலியில் உன் கிளாரினெட் வைத்தது வைத்தபடி கிடந்தது. கவிநிலா எழுந்து போய், வாயில் வைத்து ஊதுகிற அதன் ரீடைத் தொட்டாள்.

“ஈரமா இருக்கும்மா” என்றாள்.

நேற்றும் அப்படியே. வளவன் போனில் பிடித்துப் போட்டுக் காட்டினார். பாட்டின் ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் சின்னதாக ஒரு ‘உஸ்’. உன் பல் இடுக்கேதான், மச்சான். டீச்சர் முதலில் வில்லைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி வேறு ஆள் தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆக, நீ வராமலே வந்துவிட்டாய். உன் ரோஷமும் கெடவில்லை, எங்கள் பாட்டும் கெடவில்லை.

உன் மாமா,
கோதண்டராமன்


ஓசூர்
24-6-2024

மாமா,

இது உங்கள் விளையாட்டு என்றால் இத்தோடு நிறுத்திவிடுங்கள்.

பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை ஒரு வளைகாப்பில் வாசித்துக்கொண்டிருந்தேன். மூணு மணிக்குச் சத்தம் நின்றுவிட்டது. ஊதினால் வெறும் காற்று. ரீடை மாற்றினேன். டிரம்பெட் வாசிக்கிற கலையரசன் என் கிளாரினெட்டை வாங்கி ஊதிப் பார்த்தார், கணீரென்று வந்தது. என் வாய்க்கு வந்ததும் ஊமை. நாலரைக்குத்தான் சரியானது.

பதினெட்டாம் தேதி செவ்வாயும் அதே மூணு மணி. அன்று பேச்சும் போய்விட்டது. கடையில் டீ கேட்டேன், உதடு அசைந்தது, குரல் இல்லை. மறுநாள் காலையில்தான் திரும்பி வந்தது.

இருபத்தொன்று வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அன்று நீங்கள் வாசிக்கவில்லையா?

அந்த நாற்காலியை எடுத்துவிடுங்கள் மாமா. இந்தக் காற்றை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

குமரேசன்


அடி அண்ணாமலை
3-7-2024

மச்சான்,

இருபத்தொன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் வீட்டை விட்டு இறங்க முடியவில்லை, ஒத்திகை இல்லை. நீ கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

“என் தம்பிய அங்க புடிச்சி உக்கார வச்சிருக்கீங்க. மரியாதையா அனுப்பிடுங்க” என்றாள்.

நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டேன். உன் கிளாரினெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் பூட்டினேன். அப்படியும் கேட்டது. வெள்ளிக்கிழமை என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை. நீ அங்கே ஊமையாக நிற்பாய் என்று தெரிந்தும் கடைசிவரை வாசித்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. காரணம் நாற்காலி இல்லை, நான்தான். ஊர்வலத்தில் சத்தம் அறுந்துவிடக் கூடாது என்று, நான் மூச்சு வாங்கும்போது நீ எடுப்பாய், நீ வாங்கும்போது நான் எடுப்பேன். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு அடி முடிவிலும் உனக்கு இடம் விட்டு நிறுத்துகிறேன். இடம் விட்டால் நீ வராமல் என்ன செய்வாய்?

நேற்று இடமே விடவில்லை. மூக்கு வழியாகக் காற்றைத் திருடித் திருடி, ஒரே கோடாக ஊதினேன். இரண்டு தரம் அந்த ‘உஸ்’ கேட்டது, உள்ளே வர வழி தேடுவது போல. நான் விடவில்லை. அப்புறம் கேட்கவில்லை.

“யாரோ எழுந்து போன மாதிரி இருக்குங்க” என்றார் டீச்சர்.

இனிமேல் உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். சத்தம் வந்துவிட்டதா என்று மட்டும் ஒரு வரி எழுது.

மாமா


ஓசூர்
6-7-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மூணு இருபதுக்கு, வெறும் காற்றாக ஊதிக்கொண்டிருந்தபோதே வந்தது. அந்த நல்ல செய்தியை எழுதத்தான் நினைத்திருந்தேன்.

நேற்று மதியம் ஒரு கடைத் திறப்பு விழா. நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். இன்னொரு கிளாரினெட் எடுத்தது. எங்கள் செட்டில் கிளாரினெட் நான் ஒருவன்தான். அடியை முடிக்கும்போது சிரிப்பை அடக்குவது போல ஒரு குலுக்கல் வந்தது. அப்படி முடிக்கிற ஆளை எனக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியும்.

நானும் இங்கே உங்களுக்கு இடம் விட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன் மாமா. எனக்கே தெரியாது. அங்கே நீங்கள் அடைத்துவிட்டீர்கள், இங்கே திறந்தே இருந்தது.

உடனே அக்காவுக்குப் போன் போட்டு உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். காற்று மட்டும்தான் கேட்டது. அக்கா திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“வாயை மட்டும் அசைக்கிறாருடா. கிண்டல் பண்றாருனு நெனச்சி மதியத்துலருந்து திட்டிகினு இருக்கேன்” என்றாள்.

அதற்கப்புறம் நான் ஊதவே இல்லை. அப்படியும் இன்று காலைவரை உங்களுக்குக் குரல் வரவில்லை என்றாள். அது என்னிடம்தான் எங்கேயோ இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வருகிறேன். பஸ் ஏறியது முதல் வாயைத் திறக்கமாட்டேன், திறந்தால் உங்கள் குரல் வழியில் எங்காவது விழுந்துவிடுமோ என்று பயம். மாடியில் உங்களைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லையே என்று நினைக்காதீர்கள். முதலில் உங்கள் பக்கத்தில் நின்று ஊதுகிறேன். நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான்,
குமரேசன்