வீட்டைக் கடந்து ஓடிய மகனுக்கு

அன்பு மகன் சஹ்னானுக்கு உன் தாய் சலாம் சொல்லி எழுதுவது. படைத்தவன் தயவில் உன்னைப் பெற்ற இருவரும், நானும் உன் அமாக்கும், உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், நீயும் அந்த நியூசிலாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். பூண்டு அறுவடை முடிந்தது, விலைதான் இல்லை. உன் தங்கை சுமர்னிக்கு இது ஏழாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது. போனில் பேசலாமே என்பாய். நான் வாயைத் திறப்பதற்குள் "சரி இனாக், சரி இனாக், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நம் மலையைச் சுற்றி ஐந்து நாள் ஓட்டம் வைக்கிறார்கள், அதில் நீ ஓட வருகிறாய் என்பதை உன் வாயால் நாங்கள் கேட்கவில்லை. சுமர்னியின் புருஷன் ஜுமாதில்தான் போனில் ஓட்டக்காரர்கள் பட்டியலில் உன் பெயரைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தான். எட்டு வருஷம் கழித்து வருகிற பிள்ளை, சொல்லாமல் வந்து நின்று நம்மைத் திகைக்க வைக்கப் பார்க்கிறான் போல என்று உன் அமாக் சிரித்தார். மூன்றாம் நாள் ஓட்டம் நம் பூண்டு வயல் வழியாகவே போகிறது என்று தெரிந்ததும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முட்டி வலியோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாதையில் கிடந்த கல்லையெல்லாம் பெயர்த்து எறிந்தார், உன் கால் மடங்கிவிடக் கூடாதாம். "ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு டூரிஸ்ட் மூட்டையைத் தூக்கி அவன் ஏறினது இந்தக் கல்லு மேலதானே" என்றேன். "அப்ப நம்ம பையன், இப்ப விருந்தாளி" என்றார். நான் தேங்காய்ப்பால் விட்டு வாழைத்தண்டுக் கறி வைத்தேன், சேவலை அறுத்து மிளகாய் பூசிச் சுட்டேன். எதிர்வீட்டில் ரூமினாவைப் பெற்றவள், இனாக் ரூமினா, எட்டிப் பார்த்து, "என்ன, மகன் வீட்டுக்கு வர்றானா, வீட்டைத் தாண்டி ஓடுறானா?" என்று கேட்டாள். அவள் வாய் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

நீ வந்தாய். ஊரே "அமாக் சஹ்னான், உங்க பிள்ளை வர்றான்!" என்று கத்தியது. கறுப்புக் கண்ணாடி, முதுகில் பை, நெஞ்சில் எண், முகமெல்லாம் எரிமலைச் சாம்பல். உன் அமாக் இளநீரைச் சீவிக் கையில் ஏந்தி நடுப்பாதையில் நின்றார். நீ அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினாய் மகனே. "சாயங்காலம் வர்றேன், சாயங்காலம்!" என்று கையைத் தூக்கிக் காட்டினாய், அவ்வளவுதான். பூமி அதிர்ந்து பழைய வீடு விழுந்த பிறகு நீ அனுப்பிய பணத்தில்தான் இந்த வீட்டைக் கட்டினோம், ஓடுகிற ஓட்டத்தில் அதைத் திரும்பியாவது பார்த்தாயா, எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வரவில்லை. நீங்கள் கூடாரம் போட்டிருந்த மைதானம் என்ன தூரமா, வண்டியில் ஏறினால் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம். உன் அமாக் பொறுக்க முடியாமல் சோற்றையும் கறியையும் கட்டிக்கொண்டு ஜுமாதிலின் பின்னால் ஏறிப் போனார். திரும்பி வந்து, "சாப்பிட்டான், தண்டுக்கறியை மறுபடி கேட்டு வாங்கினான்" என்றார். அதில் எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது. உண்மையை ஜுமாதில் பிற்பாடு சொன்னான். கயிற்றுக்கு வெளியே அவரை நிறுத்திவிட்டார்களாம். நீ வந்து அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, "வெளிச் சாப்பாட்டைத் தொட்டா தண்டனையா என் ஓட்ட நேரத்தைக் கூட்டிடுவாங்க அமாக், மூணாவது இடத்துல இருக்கேன், எல்லாம் முடியட்டும்" என்றாயாம். அவர் "சரிப்பா, நீ ஓடு" என்றாராம். சோற்றை அங்கே நின்ற சுமைதூக்கிகளுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் பாத்திரத்தோடு வந்து என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார்.

அதைக்கூட விழுங்கிவிடுவேன். மறுநாள் எரிமலை விளிம்பில் உன்னோடு ஓடிய அந்தக் கொரியப் பெண் சாம்பல் சரிவில் விழுந்து கால் உடைந்து கிடந்தாளே, அவளுக்காக நீ நின்றாய். உன் குளிர்ச்சட்டையைப் போர்த்திவிட்டு, ஆட்கள் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், மூன்றாவது இடம் போயிற்று. ஊரே அதைப் போனில் பார்த்தது, பள்ளிவாசலில் உன் அமாக்கின் கையைப் பிடித்து "பிள்ளைன்னா இப்படி வளர்க்கணும்" என்றார்கள். நானும் பெருமையாகத்தான் பார்த்தேன், அப்புறம் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கும் ஒரு தாய் இருப்பாள், நீ செய்தது சரி, நூறு தடவை சரி. ஆனால் ஓட்டத்தை விட முடியாமல்தான் எங்களைத் தாண்டிப் போனாய் என்று நினைத்திருந்தேன், விட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நீ நிற்க வேண்டுமென்றால் நாங்களும் கால் உடைந்து கிடக்க வேண்டுமா?

ஓட்டம் முடிந்தும் வரவில்லை, விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டு "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்றாய். சுமர்னியிடம் மட்டும் அழுதாயாமே, "உள்ள வந்து உட்கார்ந்தா மறுபடி கிளம்ப மனசு வராது, அதான் பயந்துட்டேன்" என்று. அதைச் சொல்லும்போது அவளும் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கிளம்ப மனசு வராமலே போயிருந்தால் வானமா இடிந்து விழுந்திருக்கும்?

போன வாரம் கிராமத் தலைவர் வந்து, "அடுத்த வருஷமும் உங்க வயல் வழியா விடலாமா?" என்று கேட்டார். உன் அமாக் யாருக்கும் எதற்கும் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை, "வேண்டாங்க" என்றார். மறுநாளே பாதையைக் கொத்தி மிளகாய் நட்டு மூங்கில் வேலி அடைத்துவிட்டார். ஆகவே அந்த வழி இனிமேல் இல்லை. வீட்டு வாசல் சாலைப் பக்கம் இருக்கிறது, நீ பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன்.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, முட்டிக்கு எண்ணெய் தேய், தொழுகையை விடாதே. நீ போகிற இடமும் வருகிற வழியும் ஆண்டவன் காவலில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் உன் அமாக்கைக் கூப்பிடு, ஆனால் அந்தச் சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறக்காதே, அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
நீ பிறந்த நாளிலிருந்து ஊருக்குள் தனக்கென்று வேறு பெயர் இல்லாத உன் தாய்,
இனாக் சஹ்னான்