தோளில் இரண்டு இஞ்ச்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், படி ஏறும்போது மட்டும் அம்மாவின் முழங்கால் முனகுகிறது, கூடவே அவளும் முனகுகிறாள். அங்கே நீ சுகமாக இருக்கிறாய் என்று நானே எழுதிக்கொள்ளக் கை வரவில்லை, அதை நீதான் எழுத வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். இருபத்துமூன்று வருஷமாக அப்படித்தான் தாவிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஆபீஸ் வாசலில் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தாயே, அம்மா அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். எப்படி இளைச்சுட்டா பாருங்க, சினிமாக்காரி கெட்டா என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. தையற்காரன் கண் முகத்துக்கு முன்னால் துணிக்குத்தான் போகும். நீ கிளம்பும்போது நான் தைத்துக் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு அது. தோள் தையல் எலும்பைத் தாண்டி இரண்டு இஞ்ச் கீழே தொங்குகிறது, காலர் பின்கழுத்தில் ஒட்டாமல் எழும்பி நிற்கிறது. நாலே மாதத்தில் தோள் இப்படி வற்றுமா என்று அம்மாவைக் குடைந்தேன். முதலில் மழுப்பினாள், அப்புறம் கொட்டிவிட்டாள். கூட வேலை பார்க்கும் பெண் வாங்கித் தருகிறாளாம், உடம்பு இளைக்க வாரம் ஒரு ஊசியாம், டாக்டரிடம் காட்டவே இல்லையாம், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறதாம், அப்பாகிட்ட மூச்சு விடாதே என்றாயாம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் வாயில் எது நின்றிருக்கிறது. நான் அந்தப் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தேன். அதில் நின்றுகொண்டிருந்தது நீ இல்லை, உன் அத்தை.

அத்தை பிறக்கும்போதே பலவீனமான இதயத்தோடு பிறந்தவள் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். அது நான் கட்டிவிட்ட பொய். என் தங்கை கல் மாதிரி இருந்தவள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பாதி ஊரை அதட்டுவாள். அவளுக்குக் குண்டு என்று பெயர் வைத்தது நான். எட்டு வயதில் விளையாட்டாக வைத்தது, முப்பது வயதிலும் கூப்பிட்டேன். ஒரு நாள் கடையில் நாலைந்து பேர் இருக்கும்போது அளவெடுக்க வந்து நின்றாள். எங்க குண்டுக்குத் தைச்சா மிச்சத் துணியே விழாது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கையைத் தூக்கியபடி நின்றுகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் கேட்கிறேன், மகளே. கடையில் யாராவது ஒரு பெண் கையைத் தூக்கி நின்றால் போதும், டேப்பு என் விரலில் அப்படியே நின்றுவிடுகிறது.

அதற்கு அடுத்த மாதமே அவள் இளைக்க ஆரம்பித்தாள். பழைய கவுன்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, பிடிச்சுக் குடுண்ணா என்பாள். நான் பிடித்துக் கொடுத்தேன், பெருமையாகத்தான் பிடித்துக் கொடுத்தேன். நாலு தடவை. நாலாவது தடவை வந்தபோது அவள் விரல் நடுங்கியது, உள்ளங்கை சில்லென்று இருந்தது. ராத்திரியெல்லாம் தூக்கமே வரலை, நெஞ்சு படபடங்குது என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு இஞ்ச் பிடிண்ணா, அடுத்த வாரம் சரியாயிடும் என்றாள். ஒழுங்கா சாப்பிடுறியா என்று கேட்க வாயெடுத்தேன். ஒரு வாடிக்கைக்காரர் வந்தார், பேச்சு அவர் பக்கம் போய்விட்டது. நாலு நாள் கழித்து, காலைக் கூட்டத்தில், டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்தபடியே கவுண்டரில் சாய்ந்துவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் தூங்குகிறாள் என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்கள்.

அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிறகு, கவுண்டரில் இருந்த அவளுடைய அலமாரியிலிருந்து பையை எடுக்கப் போனவன் நான். உள்ளே ஒரு மாத்திரைப் புட்டி இருந்தது, மேலே பெயரும் இல்லை, கம்பெனியும் இல்லை, பாதி தீர்ந்திருந்தது. இளைப்பதற்கென்று யாரோ தெரிந்தவள் வாங்கித் தந்ததாம், பக்கத்துக் கவுண்டர்க்காரி அழுதுகொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரியில், உயிர் போய்விட்டது என்று சொன்ன டாக்டர் என்னை உட்காரவைத்து, ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா என்று இரண்டு முறை கேட்டார். புட்டி என் சட்டைப் பையில்தான் இருந்தது. தெரியாதுங்க என்றேன். ஏன் எடுத்தாள் என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு என்னிடம்தான் பதில் இருந்தது. கடைசியாகப் பிடித்துக் கொடுத்த கவுனைத்தான் அவளுக்கு உடுத்தினார்கள். அதுவும் முதுகில் தளர்ந்து கிடந்தது. நான்தான் குண்டூசி போட்டு இழுத்துப் பிடித்தேன்.

இதையெல்லாம் உன் அம்மாவிடமே முந்தாநாள்தான் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள், திட்டவில்லை. இத்தனை வருஷம் இதை வச்சுக்கிட்டா என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டீங்க என்று மட்டும் கேட்டாள். அப்புறம் உன் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். இப்போது அவள் அதை யாருக்கும் காட்டுவதில்லை.

உன் ஊசியும் அவள் மாத்திரையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, எனக்கு அதெல்லாம் தெரியாது. டாக்டர் உடம்பைப் பார்த்து எழுதிக் கொடுத்து, கூடவே இருந்து கவனித்தால் அது வேறு விஷயம். உனக்கு யார் பார்த்தார்கள், யார் எழுதினார்கள்? எனக்கும் நீ கிளம்பின கையோடு ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிட்டு நம்ம டாக்டரம்மா தலையை ஆட்டினார், இடுப்பில் டேப்பு நாற்பத்துமூன்று காட்டியது. மாத்திரை குடுங்கம்மா, சரியாயிடும் என்றேன். மொதல்ல என்ன சாப்பிடுறீங்கன்னு சொல்லுங்க என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார். தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காமல் ஒரு நாளைக்கு ஏழு டீ, ஒவ்வொன்றுக்கும் பிஸ்கட். மூணு மாசம் சாப்பாட்டை மாத்திப் பார்ப்போம், அப்புறம் மருந்தைப் பத்திப் பேசலாம் என்றார். அன்றிலிருந்து என் தட்டு அம்மா வசம். பாதித் தட்டுக்குக் காய், ஒரு கை பயறு, முட்டையோ மீனோ, சோறு ஓரமாக வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பட்டினி கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு, மிஷினை விட்டு எழுந்து உட்கார்ந்து சாப்பாடு, சாயங்காலம் ஒரு நடை. முதல் மாதம் டேப்பு அசையவே இல்லை, எனக்கு எரிச்சலாக வந்தது. நாலு மாதத்தில் இடுப்பு இரண்டு இஞ்ச் இறங்கியிருக்கிறது, தோள் அப்படியே இருக்கிறது. என்ன மாத்திரை டெய்லரேன்னு கேட்கிறவர்களிடம், அவரைக்காய் என்கிறேன், நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

உன்னைச் சின்ன வயதில் பூசணி என்று கூப்பிட்டவனும் நான்தான். ஒரு முறை சுட்டும் எனக்குப் புத்தி வரவில்லை பார். அந்தப் பெயர் உன் காதில் இன்னும் இருக்கிறதா என்று கேட்கப் பயமாக இருக்கிறது, இருந்தால் அது உன் குற்றம் இல்லை, என்னுடையது. மன்னித்துவிடு என்று எழுதினால் உன் அத்தைக்கும் சேர்த்து எழுதின மாதிரி ஆகிவிடும், அவள் படிக்க மாட்டாளே.

எனக்காக ஒன்று செய். அந்த ஊசிப் பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு அங்கே ஒரு டாக்டரிடம் போ, எதையும் மறைக்காமல் சொல், நெஞ்சு படபடப்பு இருந்தால் அதையும் சொல், அவர் சொல்கிறபடி கேள். எடை எவ்வளவு என்று எனக்கு எழுத வேண்டாம். நீ நல்ல உடம்போடு, நல்ல தூக்கத்தோடு, நிறைந்த வயிற்றோடு நீண்ட காலம் இருக்க வேண்டும், அம்மாவும் நானும் தினமும் வேண்டுவது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னைக் கூப்பிடுவேன். கோபமாக இருந்தால் பேசவே வேண்டாம். போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா