டயர் மாமாவின் பித்தப்பை

ஜனவரி 11

அன்பு மருமகளே,

உன் தாய்மாமன், டயர்க்கடை மாமா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டு எழுதுவது. ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பட்டென்று வைக்க முடியாதல்லவா, அதனால்தான் பேனாவைப் பிடித்தேன்.

என் பித்தப்பையை எடுத்தாயிற்று. உள்ளே இருந்த கல் கிரிக்கெட் பந்து அளவு. பெரிய டாக்டரே அதைக் கையில் உருட்டிப் பார்த்து, இதைச் சுமந்துகொண்டா லாரி டயரைத் தூக்கினீர்கள் என்று மலைத்துப் போனார். வயிற்றில் நாலு துளைதான், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு.

இங்கே எனக்கிருக்கிற மரியாதையைச் சொல்லி மாளாது. வார்டில், லிஃப்டில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என்று பார்க்கிறவர்களெல்லாம் என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். மயக்க மருந்தா? அதெல்லாம் இந்த உடம்பிடம் பலிக்குமா? ஆபரேஷன் முடிகிற வரை முழித்தே இருந்தேன். விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொன்னதே நான்தான்.

உனக்கும் அதே கல்தானே? தைரியமாகப் போய்ப் படு.

உன் அத்தை கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் வீர மாமா

---

ஜனவரி 16

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எழுந்து உட்கார்ந்து கதை விடும் அளவுக்குத் தேறியதில் ரொம்பச் சந்தோஷம். ஆனால் நான் கணக்கு டீச்சர். பொத்தான் அளவு துளை வழியாகக் கிரிக்கெட் பந்து எப்படி வெளியே வந்தது? பெயரை எல்லோரிடமும்தான் கேட்பார்கள் மாமா, ஆள் மாறிவிடக் கூடாதென்று.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். முழித்தே இருந்தேன் என்ற வரி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் பயமே அதுதான். பாதியில் முழிப்பு வந்து, சொல்ல வாய் வராமல் கிடந்துவிடுவேனோ என்று. அடுத்த திங்கட்கிழமைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். நேற்றுக் கூப்பிட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டேன். தள்ளிப்போடுவது இது மூன்றாவது முறை. வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் வகுப்பெடுக்கிறேன். இனியும் தள்ளினால் கல் நழுவிக் குழாயை அடைத்துவிடும் என்று டாக்டர் எச்சரிக்கிறார்.

உங்கள் மேல் கோபமில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நிஜமாகவே முழித்திருந்தீர்களா?

உங்கள் மருமகள்

---

ஜனவரி 19

கண்ணு,

இல்லை.

உன் கடிதத்தை அத்தை படித்தாள். சாப்பாட்டுத் தட்டை டொக்கென்று வைத்தாள்.

நடந்தது இதுதான். ஸ்ட்ரெச்சரில் போகும்போது பயத்தில் அதன் கம்பியை விடவே இல்லை. தியேட்டரில் நல்ல குளிர். ஒரு நர்ஸம்மா சூடான போர்வையைப் போர்த்திவிட்டார். மயக்க மருந்து டாக்டர் ஒரு பெண். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒருமுறை ஜாக்கியே இல்லாமல் லாரியைத் தூக்கினேனே, அந்தக் கதையை ஆரம்பித்தேன். "அப்படியே ஒரு கையால..." என்றேன், "தூக்கி நிறுத்திட்டேன்ல" என்று முடித்தேன். பார்த்தால் வேறு அறை. பக்கத்தில் வேறு ஒரு நர்ஸ். "யாரைங்க தூக்கி நிறுத்துனீங்க? எல்லாம் முடிஞ்சுது, படுங்க" என்றார். நடுவில் ஒன்றுமே இல்லை கண்ணு, கனவுகூட இல்லை.

வலித்தது. அன்று ராத்திரி தோள்பட்டையில்கூட வலித்தது. வயிற்றில் காற்றடித்து உப்பவைத்துத்தான் செய்கிறார்களாம், நம் கடையில் டியூபுக்கு அடிக்கிற மாதிரி. மிச்சக் காற்று தோளில் குத்துகிறதாம். நர்ஸம்மாவிடம் சொன்னதும் ஊசி போட்டார், காலையில் கையைப் பிடித்து நடக்கவைத்தார். நடக்க நடக்கக் குறைந்தது.

கல் பட்டாணி அளவு. சின்னப் பட்டாணி.

போய்த் தேதி வாங்கு.

மாமா

---

பிப்ரவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

வார்டிலிருந்து எழுதுகிறேன். என் பித்தப்பையும் போயிற்று.

தியேட்டருக்குப் போகும் முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் உங்கள் கடிதத்தை நீட்டி, இதெல்லாம் உண்மையா என்று கேட்டேன். நின்றபடியே முழுக்கப் படித்தார். "உங்க மாமா சரியாத்தான் எழுதியிருக்கார். முடியிற வரைக்கும் நான் உங்க தலைமாட்டை விட்டு நகரவே மாட்டேன்" என்றார். நீங்கள் சொன்னது உண்மை என்று ஒரு டாக்டரே சான்று கொடுத்துவிட்டார். அத்தையிடம் சொல்லுங்கள், நம்பமாட்டார்.

நடுவில் எனக்கும் ஒன்றுமே இல்லை மாமா. கண்ணை மூடித் திறந்த மாதிரிதான். தோள் வலிக்கிறது, நடந்துகொண்டிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு நாளை ஆபரேஷன். எப்படிம்மா இருந்தது என்று மெதுவாகக் கேட்டார். குளிர், போர்வை, ஊசி என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். முகம் கொஞ்சம் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் தெளியட்டுமே என்று, டாக்டர்கள் எல்லோரும் வரிசையாக நின்று எனக்கு ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள், ஒருத்தருக்கு மட்டும் வரவில்லை, அவரை வெளியே நிற்கவைத்துவிட்டேன் என்றேன். அக்கா போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துவிட்டார்.

சிரித்தால் மட்டும் தையல் இழுக்கிறது. பரவாயில்லை, சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீர மருமகள்