ஸ்கானருக்கு வாய் திறக்காத வான்

ஆடி 15, செவ்வாய்

சோளகக் காற்று. காலையிலிருந்து புழுதி. கராஜ் வாசலில் இரண்டு வாளி தண்ணீர் தெளித்தும் பயனில்லை.

சந்திரன் அண்ணையின் வான் வந்தது. அக்கராயனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் நீல வான். எஞ்சின் லைற் எரிகிறது, ஓடும்போது விக்கல். சனிக்கிழமை வவுனியாவில் பெண் பிள்ளைகளின் உதைபந்தாட்டம். அக்காவின் மகள் யாழினிதான் கோல் கீப்பர். முழு அணியும் இதில்தான் போகவேண்டும்.

விளையாட்டு ரீச்சர் போனில்: "வேற பஸ் ஒண்டு கேட்டு வச்சிருக்கிறன். வேணுமோ, விடட்டோ?"

நான்: "விடுங்கோ ரீச்சர். வியாழன் பின்னேரம் வான் ரெடி."

ஏன் சொன்னேன்? புது ஸ்கானர் வாங்கி மூன்று கிழமை. அந்தத் தலைக்கனம். வானின் கொம்பியூட்டரிடம் கேட்டு எங்கே பிழை என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும் சாமான். அண்ணைக்கு முன்னால் துணியால் துடைத்து, பெருமையாக வானின் சொக்கற்றில் கொழுவினேன்.

திரையில்: வாகனத்துடன் தொடர்பு இல்லை.

"உது கதைக்காதோ பிள்ளை?"

"இது கதைக்கும் அண்ணை. வான்தான் கதைக்குதில்லை."

"என்ர மனிசியும் உப்பிடித்தான். ரெண்டு நாள் விட்டா சரிவரும்."

ஆடி 16, புதன்

சரிவரவில்லை. இன்று செய்தவை:

சாவி ஓன், ஓஃப். பதினைந்து தரமாவது.
சொக்கற் பின் எல்லாம் துடைப்பு.
மொடல் பெயர் மாற்றி மாற்றித் தெரிவு.
பக்கத்துத் தொலைபேசிக் கடையில் இருந்து அப்டேற். ஒன்றே முக்கால் மணித்தியாலம், இரண்டு பிளேன்ரீ.
அந்தக் கடைக்காரரின் காரில் கொழுவிப் பார்த்தது. உடனே பேசியது! அவருக்குத் தெரியாத பிழை இரண்டையும் சொல்லிக் கொடுத்தது. அவர் முகம் போன போக்கு.

ஆக, ஸ்கானர் நல்லது. வான்தான் பிடிவாதம்.

ஸ்கானர் விற்ற கொழும்புப் பொடியனுக்கு அழைத்தேன். "மிஸ், வேற கேபிள் போட்டுப் பாருங்க." வேற கேபிளுக்கு நான் எங்கே போவேன்? கேபிள் பிழை என்றால் கார் எப்படிப் பேசியது? கேட்டேன். லைன் கட்.

பின்னேரம் யாழினியின் போன்.

"சித்தி, வான் சரியோ?"

"நாளைக்கு."

"ரீச்சர் அந்த பஸ்ஸைத் திருப்பிக் கேட்டவா. வேற ஆக்கள் எடுத்திட்டினமாம்."

 போன வருசம் வாகனம் கிடைக்காததால் இவர்கள் போகவேயில்லை. விளையாடாமலே தோல்வி என்று எழுதிவிட்டார்கள். இந்த முறையும் அப்படியானால் காரணம் நான். வேறு யாருமில்லை.

ஸ்கானர் இல்லாமலும் பார்க்கலாம். எஞ்சின் சீற்றுக்குக் கீழே. ஒவ்வொன்றாகக் கழற்றி, மாற்றிப் பார்த்து... சனிக்கிழமை வந்துவிடும்.

சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது, கணவாய்க் கறி.

ஆடி 17, வியாழன்

காற்றுக் குறைவு. நல்ல வெயில்.

எனக்கு நானே இரண்டு குட்டுப் போடவேண்டும். அப்டேற், கேபிள், மொடல் என்று இரண்டு நாள் அலைந்தவள், மேசை லாச்சிக்குள் கிடந்த, கரண்ட் பார்க்கிற ரெஸ்ற் லாம்பை இன்றுதான் எடுத்தேன். வேலை பழகிய முதல் நாளே கையில் தருகிற சாமான். சொக்கற்றில் தொட்டேன். பல்ப் எரியவில்லை. கரண்டே வரவில்லை! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

இந்த வானில் ஸ்கானர் சொக்கற்றுக்கும் சிகரெட் லைற்றர் ஓட்டைக்கும் ஒரே பியூஸ். அது எரிந்திருந்தது. புதிது போட்டேன். டிக். அதுவும் போச்சு. எங்கேயோ ஷோர்ட்.

லைற்றர் ஓட்டைக்குள் ரோச் அடித்தேன். பளபள. பற்றரி வயரைக் கழற்றிவிட்டுச் சின்னக் குறட்டால் பிடித்து இழுத்தேன். ஒரு ரூபாய்க் காசுக் குத்தி. இன்னொன்று. இன்னொன்று. அடியில் கிடந்தது கருகி.

"அண்ணை, இது என்ன?"

"ஐயோ, அது பிள்ளையாற்ற காசு!"

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தும்போது உண்டியலுக்குச் சில்லறை தேடாமல் இருக்க, முதலே எடுத்து வைப்பாராம். "நான் சிகரெட் பத்துறேல்லை. ஓட்டை சும்மா கிடந்தது. அளவாவும் இருந்துது." அவசரத்துக்கு மேலே இருப்பதை மட்டும் எடுத்துப் போடுவாராம். அடியில் உள்ளவை மாதக்கணக்கில் தவம்.

"பிள்ளையார் பாத்துக்கொண்டு இருந்திட்டுக் கடைசியில பியூஸை எடுத்திட்டார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பகிடி விடாதை பிள்ளை. கோவிச்சிருப்பாரோ?"

"கோவிச்சிருந்தா எஞ்சினை எல்லோ எடுத்திருப்பார்."

கருகிய குத்தியைத் துடைத்துச் சேர்ட் பையில் போட்டுக்கொண்டார்.

புதுப் பியூஸ். ஸ்கானர். திரை நிறைய எழுத்து! கத்திவிட்டேன், தெருவில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் கொயில் பிழை. அவ்வளவுதான். ஆனால் நேரம் ஆறரை. சாமான் கடைகள் பூட்டு.

ரீச்சருக்குச் சொன்னேன். "ம்" என்றார். திட்டியிருக்கலாம். அந்த "ம்" இன்னும் காதில்.

ஆடி 18, வெள்ளி

கிளிநொச்சியில் நாலு கடை. கொயில் இல்லை. பரந்தனில் இல்லை. 11.40க்கு வவுனியாவில் சாமான் கடை வைத்திருக்கும் நானாவுக்கு அழைத்தேன்.

"இருக்கு தங்கச்சி. ஜும்மாவுக்குப் பூட்டப் போறம். தொழுதிட்டு வந்து பஸ்ஸில குடுத்து விடுறன்."

"நானா, பிள்ளையள் விளையாடப் போகோணும். மறந்திடாதேங்கோ."

"மறக்கமாட்டன். நீங்க பதறாம இருங்க."

பதறினேன். நாலு மணிக்கே கரடிப்போக்குச் சந்தியில் போய் நின்றேன். ஒரு பஸ் போனது. இல்லை. இரண்டாவது. இல்லை. மூன்றாவதில் கொண்டக்டர் ஜன்னலால் தலையை நீட்டி, "வான் கொயில் ஆருக்கு?" என்றார். எனக்கு, எனக்கு என்று ஓடினேன். செருப்பு வார் அறுந்தது.

ஏழே காலுக்குக் கொயில் பூட்டி முடிந்தது. விக்கல் இல்லை. லைற் இல்லை. அண்ணை பரந்தன் வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். தலையை ஆட்டினார். பிறகு வீதிக்கு ஏறும் வரை ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்.

ஆடி 19, சனி

ஐந்தரைக்கு வெளிக்கிட்டிருப்பார்கள். ஆறிலிருந்து போனைப் பார்க்கிறேன். முறிகண்டி. மாங்குளம். ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வயர் மாற்ற எடுத்து, பிழையான வயரை வெட்டினேன்.

8.20. அண்ணை. முதல் மணியிலேயே போனை எடுத்தேன்.

"பிள்ளை, வான் நிண்டிட்டுது."

"எங்கை?"

"மைதானத்தில. இறங்க எண்டு நிப்பாட்டினனான்."

வாய்க்குள் வந்ததைச் சொல்லவில்லை. வயது மூத்தவர்.

11.30. யாழினி. மூச்சு வாங்குகிறது. பின்னால் ஒரே சத்தம்.

"சித்தி! ஒண்டுக்கு சைபர்! வெண்டிட்டம்! அடுத்தது மூண்டு மணிக்கு. வாங்கோவன்."

"கடை இருக்கு பிள்ளை."

"ஒருநாள் பூட்டினா என்ன?"

ஒரு நிமிடம் யோசித்தேன். என்ன? ஒன்றுமில்லை. எட்டு வருசம் மற்றவர்களின் வாகனத்தை ஓடவைத்துவிட்டு நான் இந்தக் கதிரையிலேயே இருக்கிறேன். கதவில் வெண்கட்டியால் எழுதினேன்: இன்று பூட்டு.

இதைப் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்துக் கோணல். டிரைவர் நிறைகுடம் சுமப்பவர் மாதிரி ஆடி அசைந்து ஓட்டுகிறார். கனகராயன்குளத்தில் பத்து நிமிடம் தேத்தண்ணிக்கு நிறுத்தினார், சண்டை பிடிக்கப் பார்த்தேன்.

ஓமந்தை. 2.35. யாழினியின் மெசேஜ்: எங்கை நிக்கிறியள்?

இந்தப் பஸ்ஸுக்கு ஒரு இன்ஜெக்டர் சரியில்லை, சத்தத்திலேயே தெரிகிறது. டிரைவருக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்ப்பார். ஓடு தாயே, ஓடு.