அருச்சனைத் தட்டில் உன் பெயர்

புங்குடுதீவு,
ஞாயிறு காலை.

அன்பு மகன் அனோஜனுக்கு,

நோர்வேயின் குளிரிலும் நீயும் மருமகள் பிரியவதனியும் சுகமாக இருக்க நயினை அம்மாள் துணை. இங்கே நான் சுகம், முழங்கால் நோவைத் தவிர்த்தால் அம்மாவும் சுகம். சோளகக் காற்று இன்னும் தொடங்கவில்லை. கடல் அசையாமல் கிடக்கிறது. நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் எல்லைக்கல் நட்ட என்னாலேயே கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல ஏலாமல் இருக்கிறது. கடந்த கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்கு எழுத்தில்தான் ஒழுங்காக வரும். தபால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது என்பதால் எழுதி முடித்ததும் இதைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நான் விளங்கிக்கொண்டது சரியோ என்று முதலில் பார், பிழையென்றால் திருத்து. உன் விந்தில் உயிரணு ஒன்றும் இல்லை. ஆனால் விதைக்குள்ளே எங்காவது சில ஒளிந்திருக்கலாம். அதனால் மயக்கமருந்து கொடுத்துத் திறந்து, நுணுக்குக்காட்டியால் நூல் போன்ற குழாய்களைப் பார்த்துப் பார்த்துத் தேடுவார்கள். கிடைத்தால், ஒரு முட்டைக்கு ஒன்றாக மெல்லிய ஊசியால் உள்ளே செலுத்துவார்கள். அதே நாளில் பிரியவதனியிடமிருந்து முட்டைகளை எடுப்பதால், ஒன்றுமே கிடைக்காவிட்டால் வேறொருவர் தானமாகக் கொடுத்த அணுவைச் சேர்ப்பதா, முட்டைகளை உறையவைத்துவிட்டுக் காத்திருப்பதா என்று வெள்ளிக்கிழமைக்குமுன் நீங்கள் சொல்லவேண்டும். அதற்குத்தான் நீ, “வேற ஒருத்தற்றை அணுவிலை பிறக்கிற பிள்ளையை நீங்கள் பேரப்பிள்ளை எண்டு தூக்குவியளோ அப்பா?” என்று கேட்டாய். ஊரில் எல்லோரும் பிரியவதனியைத்தான் குறை சொல்லுகிறார்கள், குறை என்னில்தான் என்று சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டாய். இரண்டாவதை முந்தநாள் வெள்ளிக்கிழமையே செய்துவிட்டேன். முதலில் அதை எழுதுகிறேன்.

அம்மாவும் நானும் குறிகட்டுவானில் வள்ளமேறி நயினாதீவுக்குப் போனோம். பிள்ளைவரம் கேட்டு அருச்சனை செய்தால் பெண்ணின் பெயரையும் நட்சத்திரத்தையும்தான் சொல்வது வழக்கம், உனக்கும் தெரியும். அம்மா தொட்டில் கட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் பிரியவதனி, ரேவதி என்றுதான் சொல்லிவந்தவள். அன்றைக்கு ஐயர் “ஆற்றை பேருக்கு?” என்று கேட்டபோது அம்மாவுக்குமுன் நான் “அனோஜன், மிருகசீரிடம்” என்றேன். அம்மா முழங்கையால் இடித்தாள். பின்னால் நின்றவர் நமது அயல், ஒழுங்கை முடக்கு வீட்டு யோகம்மா அக்கா. “என்ன அப்புத்துரை அண்ணை, பிள்ளைவரத்துக்குப் பொடியன்ரை பேரையோ சொல்லுறியள்?” என்றார். “ஓம் அக்கா, குறை அவனிலைதான். வைத்தியம் நடக்குது” என்று சொல்லிவிட்டேன். யோகம்மா அக்கா “அப்ப நான் அந்தப் பிள்ளைக்கெண்டு இடிச்சு அனுப்பின மருந்துத்தூளெல்லாம் ஆர் குடிச்சது?” என்று கேட்டார். அம்மா உடனே, “உம்மடை தூளுக்குப் பயந்துதான் பிள்ளை வராமல் நிக்குதோ தெரியேல்லை” என்றாள். ஐயரும் சிரித்துவிட்டார். யோகம்மா அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையைப்பற்றித் தன் வாய் கதைத்ததெல்லாம் வீண் என்று சொல்லிக்கொண்டே தன் தட்டிலிருந்த மல்லிகைப்பூவை எடுத்து நமது தட்டில் வைத்து, “ரண்டு பேரின்ரை பேரையும் சொல்லுங்கோ ஐயா” என்றார்.

திரும்பி வரும்போது வள்ளத்தில் யோகம்மா அக்கா ஓரிடத்தில் இருக்கவில்லை. வள்ளம் கரையைத் தொடுமுன் பாதிப்பேருக்குச் செய்தி போய்விட்டது. நான் தலை குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுவைதீவுக்காரர் ஒருவர், என்னிலும் கூச்சமுள்ளவர் போலிருந்தார், மெல்ல அருகில் வந்து, “உந்த வைத்தியம் கொழும்பிலையும் இருக்கோ அண்ணை? மருமோனுக்கு...” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தபடியே கரைவரை வந்தார்.

இனி உன் முதற்கேள்வி. மறைக்காமல் எழுதினால், முதலில் என் மனம் ஒப்பவில்லை. என் அப்பாவின் நெற்றி, உன் அம்மாவின் காது என்று பிறவாத பிள்ளைக்கு நான் எவ்வளவோ காலமாக முகம் வரைந்து வைத்திருந்தேன் போலிருக்கிறது. நேற்று மத்தியானம் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்துவிட்டேன். கனவில், வற்றுக்கடலில் கணுக்காலளவு தண்ணீர். வெள்ளை அங்கி போட்டவர்கள் குனிந்து மணலில் எதையோ தேடுகிறார்கள், நீயும் அவர்களோடு குனிந்து நிற்கிறாய். என்ன தேடுகிறீர்கள் என்றதற்கு, “கதையாதேங்கோ அப்பா, அசைஞ்சால் ஒளிச்சிடும்” என்றாய். அப்போது ஒரு சின்னப் பெண் என் சாரத்தைப் பிடித்து இழுத்து, கால் சுடுகுது தூக்குங்கோ என்று சிணுங்கினாள். வெயில் கூசியதால் யாருடைய சாயல் என்று பார்க்க முடியவில்லை, பார்க்கவேண்டும் என்று தோன்றவுமில்லை. தூக்கிக்கொண்டு நடந்தேன். தண்ணீர் ஒளியாய் இருந்தது, கரை வரவேயில்லை, எனக்கு அவசரமுமில்லை. விழித்த பிறகும் நெடுநேரம் இடது தோளில் பாரம் இருந்தது. கனவை நம்பி எழுதுகிறாரே என்று நினைக்காதே, நானும் அப்படித்தான் யோசித்து அம்மாவைக் கேட்டேன். அவள் குசினிக்குள்ளிருந்தபடியே, “அவள் வயித்திலை சுமக்கப்போறாள், இவன் தோளிலை சுமக்கப்போறான். இதுக்குள்ளை நீங்கள் என்னத்தை அளக்கிறியள்?” என்றாள்.

ஆகவே மகனே, எங்களை நினைத்துத் தயங்காதே. எங்கள் பதில் ஓம். உன் அணு கிடைத்தாலும் ஓம், இன்னொருவருடையதானாலும் ஓம். பிரியவதனிக்கு மனம் ஏலாது என்றால் அவளை வற்புறுத்தாதே, அதற்கும் எங்களுக்குச் சம்மதம். பிள்ளை என்று ஒன்று வராமலே போனாலும் உங்கள் இருவரில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தானமாகக் கிடைத்த அணுவில் பிள்ளை பிறந்தால் மட்டும் ஒன்று கேட்கிறேன். அதற்கு விளங்கும் வயதில் உண்மையைச் சொல்லி வளர்த்தெடுங்கள். அப்பப்பாவுக்குத் தெரியுமோ என்று அது கேட்டால், பிறக்கமுன்னே தெரியும் என்று சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு தையல் ஆறும்வரை பாரம் தூக்காதே, வேலைக்கும் ஓடாதே. அம்மாள் உங்கள் இருவரையும் காப்பாள்.

என்றும் ஆசியுடன்,
அப்பா
க. அப்புத்துரை