மேனேஜர் வேஷம்

ஊரிலுள்ள வாலிபர்களுக்கெல்லாம் அண்ணனானவருக்கு,

சனிக்கிழமை ஓசூரில் இண்டர்வியூ நன்றாக நடந்தது என்றீர்கள்.

இன்று மத்தியானம் சர்ச் வாலிபர் குழுவிலுள்ள கெசியா உங்கள் சான்றிதழ் ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "சனிக்கிழமை நாடக ஒத்திகையில அண்ணா வுட்டுட்டுப் போயிட்டாருங்க அக்கா. வேலைக்கு ஆள் எடுக்கிற மேனேஜரா நடிக்கிற பையன் வரல. சாயந்திரம் வரைக்கும் அண்ணாவே நடிச்சாருங்க."

வேலை போன இந்த எட்டு மாதத்தில் வந்த ஒரே அழைப்பு அது. நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையோடு சர்ச்சில் நின்று அடுத்தவனுக்கு வேலை கொடுத்திருக்கிறீர்கள்! அந்த நாடகப் பிள்ளைகளிடம் "இன்னைக்கு முடியாது" என்று சொல்ல வாய் வரவில்லை. என்னிடம் பொய் சொல்ல மட்டும் வந்ததாக்கும்?

காலை ஜெபத்தில் பாப்பா, "அப்பா இண்டர்வியூ நல்லா பண்ணதுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். நீங்களும் சத்தமாக ஆமென் சொன்னீர்கள்.

நாளைக்கு ஜெபத்தை நீங்களே நடத்துங்கள். நடந்தது அவளுக்குப் புரிகிற மாதிரி.

உங்கள் மனைவி