படம் ஏழு

தனப்பிரியாவுக்கு, குணசீலன் எழுதுவது. இங்கே நான் சுகம். உனக்குச் சளி விட்டதா? மாமாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது?

எழுத்து மட்டும் வரும்படி நீ செய்து தந்த நம் வீட்டு இணையப் பக்கம், இந்தச் சத்தீஸ்கர் காட்டிலும் உடனே திறக்கிறது. படம் இருக்குமிடத்தில் ஓர் இணைப்புதான் இருக்கிறது. அதை அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நேற்று போர் போடும் ரிக் வண்டியருகே நின்று உன் 'படம் 7' திறக்கக் காத்திருந்தேன். "குணா, பைப்பு வருது, நவுரு சாமி" என்று டிரில்லர் மாரியப்பன் அண்ணன் கத்தியது காதில் விழவில்லை. காலில் லேசாகப் பட்டது, கட்டுப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி 'படம் 7' என்று வெறும் எண் மட்டும் போடாதே. நம் பாப்பா கனிஷ்கா என்ன சட்டை போட்டிருக்கிறாள், யார் இடுப்பில் இருக்கிறாள், எத்தனை பல் தெரிகிறது என்று இணைப்பிலேயே எழுது. திறக்காவிட்டாலும் படித்துக்கொள்வேன்.

நீ கேட்ட என் படத்தை, டீசல் எடுக்க டவுனுக்குப் போகும் டிரைவர் தன் போனிலிருந்து ஏற்றுவார். இணைப்பில் 'வண்டி முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறேன்' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். உனக்கு அந்த வரி போதும், படத்தைத் திறக்காதே. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், நிறுத்துகிறேன்.

குணசீலன்